அற்புதப் புனைகதையும் முகப்போவியமும்

கண்ணாற் கண்ட பொருளைக் கதையாக்குதல் ஒருவகை. எவருங் கண்டிராத பொருளைக் கண்டதுபோற் கூறுதல் மற்றொருவகை. இவ்விரண்டாவது வகை தமிழுக்குப் புதியதன்று. வற்றாது உணவளிக்கும் அமுதசுரபி, வான்வழிச் செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் உதவும் மந்திரங்கள், பழம்பிறப்புணர்த்தும் மணிபல்லவத்துப் பீடிகை ஆகியவற்றைக் கொண்டு நடக்கும் மணிமேகலை, இன்று மேனாட்டார் தனியொரு நாவல் வகையாக வகுத்திருக்கும் அற்புதப் புனைகதையின் இயல்புகள் பலவற்றை முன்னரே கைக்கொண்டு விட்டது. ஆயினும், ஏட்டுச்சுவடிக்கு இல்லாத ஓருறுப்பு அச்சு நூலுக்கு உண்டு. அதுவே முகப்பட்டை. அவ்வட்டையில் ஓவியந் தீட்டும் வழக்கம் தோன்றியபின், ஆசிரியனுடைய முதற்சொல்லைப் படிக்கு முன்னரே ஓவியனுடைய கோட்டைப் படிப்பவன் காணும் நிலை ஏற்பட்டது. இதனால் விளைந்த நன்மையுந் தீமையும் ஆராயத்தக்கன.

பிற நாவல்களுக்கும் அற்புதப் புனைகதைக்கும் இவ்விடயத்தில் ஒரு வேறுபாடுண்டு. தேயிலைத் தோட்டத்து வாழ்க்கையைக் கூறும் நாவலொன்றின் அட்டையிலே கொழுந்துக் கூடை பிழையாக வரையப்பட்டிருப்பின், கூடையைக் கண்டறிந்தவன் அப்பிழையை உடனே உணர்ந்து, தன் அனுபவத்தைக் கொண்டு அதனைத் திருத்திக்கொள்வான். எவரும் பிறந்திராத தீவொன்றின் மாந்தரை ஓவியன் பிழையாக வரைந்தால், அதனைத் திருத்துதற்குப் படிப்பவனிடம் யாதொரு கருவியுமில்லை. முதலிற் கண்ட முகமே முடிவுவரை நிற்கும். ஆசிரியன் பின்னர் எத்துணை விளக்கமாகக் கூறினும், சொல் தோற்று உருவம் வெல்லும். ஆதலின், அற்புதப் புனைகதையின் முகப்போவியம் வெறும் அலங்காரமாகாது. கதை நிகழும் உலகுக்கு அஃதே முதற்சான்று. சான்று பொய்க்குமாயின் வழக்கும் பொய்க்கும்.

ஓவியமுங் கதையும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் முறையைத் தமிழர் தொன்றுதொட்டு அறிந்திருந்தனர். திருப்பரங்குன்றத்தைப் பாடும் பரிபாடற் பகுதியொன்றில், அங்குத் தீட்டப்பட்டிருந்த ஓவியங்களைக் காண வந்தோர், இவன் யார், இவள் யார் என்று வினவுவதும், காமன், இரதி, அகலிகை முதலியோர் கதைகளை அறிந்தோர் விடையிறுப்பதும் கூறப்படுகின்றன. ஓவியம் வினாவை எழுப்புகிறது. கதை விடை தருகிறது. நல்ல முகப்போவியத்துக்கு இலக்கணங் கூற வேண்டின், இதனினுஞ் சிறந்ததைத் தேட வேண்டுவதில்லை. வினாவையே எழுப்பாத ஓவியமும், கதைக்கு முன்னரே விடையைச் சொல்லிவிடும் ஓவியமும் தம் கடமையிற் குறைபட்டனவாம்.

இவ்விலக்கணத்துக்கு இலக்கியம் காண விரும்புவோர் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. திகனவிலிருந்து குண்டசாலை வழியாகக் கண்டிக்குச் செல்லும் பெருவழியினின்றும் சற்று விலகி, அமுனுகம என்னும் ஊர்ப்பக்கத்தே, தெகல்தொருவ என்னும் குகை விகாரை உளது. நாயக்கர் மரபில் வந்த கீர்த்திஸ்ரீ இராசசிங்கன் (1747–1782) காலத்தில் தொடங்கப்பெற்ற அதன் பணி, அவன் தம்பி இராசாதிராசசிங்கன் (1782–1798) காலத்தில் நிறைவெய்தியது. பாறையைக் குடைந்தமைத்த அவ்விகாரையின் விதானத்தில் மாரனுடைய படையெடுப்பும், சுவர்களிலே வெஸ்ஸந்தரன், சுதசோமன் முதலியோரின் சாதகக் கதைகளும் தீட்டப்பட்டுள்ளன. நரமாமிசம் புசிக்கும் அரசனும், கேட்டார்க்கு மழைதரும் யானையையும் மக்களையும் ஈந்த இளவரசனும், பல தலையும் பல கையுங்கொண்டு பாய்ந்துவரும் பூதகணமும் அங்கே காணப்படுவர். கருப்பொருள் முழுவதும் அற்புதமே. ஆயினும், அவ்வோவியங்களைக் காண்பவன் ஒருபோதும் அவற்றை நம்ப மறுப்பதில்லை.

அந்நம்பிக்கைக்குக் காரணங்கள் மூன்று கூறலாம். முதலாவது, ஓவியர் கதையை நன்கறிந்திருந்தமை. அங்குப் பணிபுரிந்தோருள் தலைசிறந்தவராகக் கூறப்படும் தேவரகம்பொல சில்வத்தென்ன உன்னான்சே என்பவர் துறவு நெறியைச் சார்ந்தவர். தாம் தீட்டிய கதைகளைச் சமயநூல்வழிக் கற்றுணர்ந்தவர். இரண்டாவது, வடநாட்டிலே முற்பிறவியில் நிகழ்ந்ததாகக் கூறப்படும் கதையின் மாந்தருக்குக் கண்டி நாட்டு உடையும், அணியும், மாளிகையும், மரஞ்செடிகளும் அளித்தமை. அறியாத உலகத்தை அறிந்த பொருளால் அமைத்தமையின், காண்பவன் அயலானாக வெளியே நின்றுவிடாது உள்ளே புகுகின்றான். மூன்றாவது, செந்நிறப் பின்னணியிலே ஒரே மாந்தரைத் திரும்பத் திரும்ப வரைந்து, கதையை ஆற்றொழுக்காக நடத்திச் செல்லும் முறை. வெற்றிடங்களை மலர்கள் நிரப்புகின்றன. நிகழ்ச்சிகளுக்கிடையே மரமொன்று எல்லையாக நிற்கிறது. தூரம், நிழல், பருமை என்பனவற்றைக் காட்டும் முயற்சி அங்கில்லை. கண்ணுக்கு மெய்போலத் தோன்றுதலினும் கதைக்கு மெய்யாக இருத்தலே வேண்டப்பட்டது.

இவ்வோவியரின் பெருமையை உலகறியச் செய்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947). சேர் முத்துக் குமாரசுவாமியின் மைந்தராகிய அவர், இலங்கையின் கனிப்பொருளாய்வுப் பணியில் ஈடுபட்டிருந்த காலத்தே மலைநாட்டுச் சிற்றூர்களிலே கைவினைஞரை நேரிற் கண்டு செய்திகளைத் திரட்டி, மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் ஆங்கிலப் பெருநூலை 1908 இல் வெளியிட்டார். இங்கிலாந்தில் 425 பிரதிகளே அச்சிடப்பட்ட அந்நூல் உருவான வரலாறு இவ்வாராய்ச்சிக்கு மிக இயைபுடையது. அதனை அச்சிட்ட கைப்பொறி, முன்னர் வில்லியம் மொறிஸ் என்பாரின் கெல்ம்ஸ்கொற் அச்சகத்திலே சோசரின் நூலை அச்சிடப் பயன்பட்டதாகும். மொறிஸ் 1896 இல் இறந்தபின் அவருடைய பொறிகள் ஆஷ்பி என்பாரின் எசெக்ஸ் ஹவுஸ் அச்சகத்தைச் சேர்ந்து, அதன்வழிக் குமாரசுவாமியின் கைக்கு வந்தன. அந்த மொறிஸே, தற்கால ஆங்கில அற்புதப் புனைகதைக்கு முன்னோடியெனக் கருதப்படுபவர். உலகுக்கப்பாலுள்ள காடு என்னும் பொருள்படும் கதையை 1894 இலும், உலக முடிவிலுள்ள கிணறு என்னும் பொருள்படும் கதையை 1896 இலும் தம் அச்சகத்திலேயே வெளியிட்டார். முற்றிலும் கற்பனையான நிலத்தைப் படைத்த முதல்வருள் ஒருவரது பொறியே, தெகல்தொருவ ஓவியரைப் பற்றிய நூலையும் அச்சிட்டது. கண்டி நாட்டுச் சுவரோவியமும் மேனாட்டு அற்புதப் புனைகதையும் இவ்வாறு ஒரு பொறியின்கீழ்ச் சந்தித்தன எனலாம்.

மொறிஸ் ஓவியரோடு இணைந்து பணியாற்றிய முறையும் கற்றற்குரியது. உலக முடிவிலுள்ள கிணற்றுக்கு ஓவியந் தீட்டும் பணி முதலில் ஆதர் காஸ்கின் என்னும் இளைஞரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர் பல ஓவியங்களை ஆக்கினார். அவை மொறிஸின் மனத்துக்கு நிறைவளிக்கவில்லை. நூல் காலந்தாழ்ந்தாலும் தாழ்க என்று அவற்றை விலக்கி, தம் வாழ்நாள் நண்பராகிய எட்வேட் பேர்ண்-ஜோன்ஸின் நான்கு ஓவியங்களோடு அந்நூலை அவர் வெளியிட்டார். இச்செயலை ஒருசார் கண்டிப்பாகவும் கருதலாம். இளைஞர் ஒருவருடைய உழைப்பு வீணானது உண்மையே. எனினும், ஓவியம் பிழைப்பின் கதையும் பிழைக்கும் என்னும் கொள்கையில் அவர் உறுதியாக நின்றார் என்பதும் உண்மை. ஆசிரியன், அச்சாளன், பதிப்பாளன் ஆகிய மூன்று நிலையும் ஒருவரிடத்தே அமைந்தமையால் அவ்வுறுதி அவருக்கு இயன்றது. பிற்காலத்து ஆசிரியருக்கு அவ்வாய்ப்பு அரிது.

ஜே. ஆர். ஆர். டொல்கீன் என்பாரின் வரலாறு அவ்வருமையைத் தெளிவாகக் காட்டும். ஹொபிற் என்னும் கதை 1937 செப்ரெம்பரில் வெளிவந்தபோது அதன் மேலுறையை வரைந்தவர் அவரே. பச்சை, நீலம், கருமை ஆகியவற்றோடு செந்நிறமும் வேண்டுமென அவர் எண்ணியிருந்தார். ஞாயிறும் பறவைநாகமும் அந்நிறத்தாற் பொலிந்திருக்க வேண்டியன. செலவு கருதிப் பதிப்பகம் செந்நிறத்தை விலக்கிற்று. ஆசிரியனே ஓவியனாயினும் அச்சுச்செலவு என்னும் மூன்றாமவன் ஒருவன் உளன் என்பதற்கு இது சான்று.

அதன்பின் அவர் நல்ல துணையொன்றைப் பெற்றார். போலின் பேய்ன்ஸ் (1922–2008) என்னும் அம்மையார் இளமையை இந்தியாவிற் கழித்தவர். இடைக்கால ஏட்டோவியங்களை ஒத்த மெல்லிய கோடுகளால் வரையவல்லவர். 1949 இல் வெளிவந்த ஹாம் ஊர்ப் பண்ணையாளன் கைல்ஸின் கதைக்கு அவர் வரைந்தவற்றைக் கண்ட டொல்கீன், அவை கதைக்கு விளக்கமாக அமைந்ததோடன்றிக் கதையோடு உடன்செல்லும் மற்றொரு கதையாகவும் அமைந்தன என மகிழ்ந்தார். பின்னர் 1970 இல் வெளியான மத்திய உலகப் படத்தைப் பேய்ன்ஸ் வரைந்தபோது, ஆசிரியர் அவருக்கு அளித்த குறிப்புகள் வியக்கத்தக்கன. இன்ன ஊர் ஒக்ஸ்போட் நகரத்தின் அகலாங்கில் உள்ளது, இன்ன கோநகர் இத்தாலியின் ரவென்னா நகரத்தின் அகலாங்கில் உள்ளது, கப்பற்பாய்கள் இன்ன நிறத்தன என்றெல்லாம் பழைய படமொன்றின்மீது எழுதிக் கொடுத்தார். படத்தை எப்படி வரைய வேண்டும் என்று அவர் கற்பிக்க முற்படவில்லை. வெயிலும் மழையும் எப்படியிருக்கும் என்பதையே கூறினார். ஓர் ஊரின் அகலாங்கு தெரிந்தால் அங்கே வளரும் மரத்தை ஓவியர் தாமே அறிந்துகொள்வார். உலகத்தின் விதியை ஆசிரியர் தந்தார். உருவத்தை ஓவியர் தந்தார். இருவரும் இணைந்து பணிபுரிதற்கு இதனினும் தக்க எடுத்துக்காட்டு அரிது.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் அவர் வாழ்விலேயே உண்டு. 1965 இல் அமெரிக்காவிலே பதிப்பகமொன்று அவருடைய இசைவின்றி மோதிரங்களின் தலைவன் என்னும் நெடுங்கதையை மலிவுப் பதிப்பாக வெளியிட்டது. அதனை எதிர்கொள்ளும் பொருட்டு, இசைவுபெற்ற பலன்ரைன் நிறுவனம் விரைந்து தன் பதிப்பை ஆயத்தஞ் செய்தது. ஓவியம் பார்பரா றெமிங்டன் என்னும் அம்மையாரிடம் ஒப்புவிக்கப்பட்டது. நூலைப் படித்தற்கு அவருக்குக் காலம் அளிக்கப்படவில்லை. ஹொபிற்றின் அட்டையிலே சிங்கமொன்றும், ஈமுப் பறவைகளும், பூசணிபோன்ற கனி தொங்கும் மரமும் தோன்றின. கதையில் இவற்றுக்கு யாதோர் இடமுமில்லை. ஆசிரியர் மனம் வருந்திக் காரணம் வினவினார். பிந்திய பதிப்புகளில் சிங்கம் மறைந்தது. இந்நிகழ்ச்சியை ஓவியரின் குற்றமாகக் கூறுதல் நேர்மையன்று. அவ்வோவியங்கள் தம்மளவில் அழகியன. ஒரு தலைமுறையினர் அவற்றைச் சுவரில் ஒட்டி மகிழ்ந்தனர். படிக்காமல் வரைக என்று பணித்த விரைவே குற்றத்துக்குரியது. சில்வத்தென்ன உன்னான்சேயும் கதையறியாது சுவரின்முன் நிறுத்தப்பட்டிருப்பின், அவர் கையும் பிழைத்திருக்கும்.

கதையை ஆழ்ந்து கல்லாமலே பெருவெற்றி பெற்ற ஓவியர் இலரோ எனின், உளர். பிராங் பிரசெற்றா (1928–2010) என்பார் 1966 முதலாகக் கொனன் என்னும் வீரனைப் பற்றிய கதைத் தொகுதிகளுக்குத் தீட்டிய அட்டைகள் அந்நூல்களின் விற்பனையைப் பெருக்கின. அக்கதைவகைக்கே ஒரு தோற்றத்தை நிலைநாட்டின. அக்கதைகளைத் தாம் படிக்கவில்லை என்று அவர் கூறியதாகச் சொல்லப்படும். மூலவோவியங்களின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, ஓவியருடைய மதிப்பை உயர்த்தியவரும் அவரே. ஆயினும் நுணுகி நோக்குமிடத்து, கொனனைப் படைத்த ரொபேட் ஹவாட் 1936 இலேயே இறந்துவிட்டார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மறுத்துரைக்க ஆசிரியர் இல்லாத இடத்தே ஓவியரின் கற்பனை தடையின்றி அரசு செலுத்திற்று. ஹவாட்டின் வீரன் பின்வாங்க, பிரசெற்றாவின் வீரனே மக்கள் மனத்தில் அமர்ந்தான். அவ்வெற்றி ஓவியத்தின் வெற்றியே. கதையும் ஓவியமும் கூடிப் பெற்ற வெற்றியென அதனைக் கூறல் இயலாது.

ஓவியம் கதையை வென்றுவிடுதல் அழகுக் குறைபாட்டளவில் நின்றுவிடுவதில்லை, அநீதியாகவும் முடியும். அமெரிக்க ஆசிரியை ஊர்சுலா லெ குவின் (1929–2018) 1968 இல் வெளியிட்ட எர்த்சீ மந்திரவாதியைப் பற்றிய நாவலில், தலைமகன் கெட் செம்பு கலந்த கபில நிறத்தவன். அத்தீவுகளின் மாந்தருட் பெரும்பாலோர் கரிய அல்லது மாநிற மேனியர். வெள்ளை மேனியரே வீரராகத் தோன்றிய ஒரு கதைவகையில், ஆசிரியை வேண்டுமென்றே செய்த மாற்றம் இது. முதற் பதிப்புக்கு ரூத் றொபின்ஸ் வரைந்த முகப்பு அந்நிறத்தைப் பேணியது. பின்வந்த பதிப்புகள் பலவற்றில் கெட் வெள்ளையனானான். கருநிற முகமுள்ள அட்டை விலைபோகாது என்று விற்பனைத் துறையினர் வாதித்தமையை ஆசிரியை பலகாலும் கண்டித்துள்ளார். நூலினுள்ளே ஒரு நிறம், நூலின்மேல் வேறொரு நிறம். தன்னைப்போன்ற மேனியுடைய வீரனைத் தேடி நூலகத்தட்டின்முன் நிற்கும் சிறுவன், அட்டையைக் கண்டு அந்நூலை எடுக்காமலே சென்றுவிடுவான்.

இவ்வநீதிக்குப் பரிகாரம் ஐம்பதாண்டு கழித்தே கிடைத்தது. சாள்ஸ் வெஸ் என்னும் ஓவியர் எர்த்சீக் கதைகள் அனைத்தையும் ஒரே நூலாக அமைக்கும் பதிப்புக்காக நான்காண்டுக் காலம் லெ குவினோடு மடல்வழி உரையாடிப் பணியாற்றினார். ஓவியர் முதற்கோட்டை அனுப்புவார், ஆசிரியை ஐயத்தை எழுப்புவார், கோடு திருத்தப்படும். சிறப்பாக, அக்கதைகளில் வரும் பறவைநாகங்களின் வடிவம்பற்றி நெடிய உரையாடல் நிகழ்ந்தது. மேனாட்டு அட்டைகளிற் பழகிப்போன வடிவத்தை ஆசிரியை ஏற்கவில்லை. அந்நூல் 2018 ஒக்ரோபரில், ஆசிரியை மறைந்த ஆண்டிலேயே, வெளிவந்து மறு ஆண்டு ஹியூகோ விருது பெற்றது. ஆசிரியை கட்டளையிடவுமில்லை, ஓவியர் அடிபணியவுமில்லை. இருவருங் கூடி, மூன்றாவதாகிய அவ்வுலகத்துக்கு உண்மையாக நின்றனர்.

தமிழ்நாட்டு நிலையை நோக்குமிடத்து, இவ்வுறவு மூன்று வகையாக வளர்ந்தமை புலனாகும். முதலாவது, இரத்தின நாயகர் முதலிய பதிப்பாளர் வெளியிட்ட பெரிய எழுத்துக் கதைநூல்கள். விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராசன் கதையும் கோட்டுருவப் படங்களோடு எளிய மக்களிடம் சென்றன. நுட்பம் குறைந்தனவாயினும் அப்படங்கள் கதையின் வழியே நடந்தன. இரண்டாவது, 1947 ஜூலையில் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா. அதன் பக்கங்களிலே கே. சி. சிவசங்கரன் (1924–2020) வரைந்த உருவம், வாளேந்திய மன்னன் தோளிலே வேதாளம் புகுந்த உடலைச் சுமந்து செல்லும் காட்சி, தமிழ் அறிந்த சிறார் பல தலைமுறையினர் நெஞ்சிற் பதிந்தது. வேதாளம் எப்படியிருக்கும் என்று இன்று ஒருவரைக் கேட்பின், அவர் கூறும் விடை பெரும்பாலும் சங்கரின் கோடாகவே இருக்கும். மூன்றாவது, கல்கியும் ஓவியர் மணியமும் (1924–1968). 1950 முதல் 1954 வரை வெளிவந்த பொன்னியின் செல்வன் வரலாற்றுப் புனைகதையே; எனினும், எவருங் கண்டிராத ஒரு காலத்துக்கு உருவங் கொடுத்தமையின் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. வாரந்தோறும் அத்தியாயத்தோடு ஓவியமும் வெளிவந்தமையால் எழுத்துங் கோடும் உடன்வளர்ந்தன. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டபின் பதிப்பகங்கள் பல தத்தமக்கேற்ற அட்டைகளோடு அக்கதையை வெளியிட்டுள்ளன. எனினும், வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் மணியம் வகுத்த சாயலை முற்றும் விலக்கிய ஓவியர் அரியர்.

கண்டி மண்ணுக்குத் தமிழ்ப் புனைகதை வரலாற்றிலே தனியிடமுண்டு. கண்டியில் வழக்கறிஞராக விளங்கிய மு. கா. சித்திலெவ்வை (1838–1898) 1885 இல் வெளியிட்ட அசன்பேயுடைய கதையே இலங்கையில் எழுந்த முதற் றமிழ் நாவலென்பர். எகிப்து முதலிய தொலைநாடுகளைக் களமாகக் கொண்டு வியப்புச் சுவை மிக அமைந்த கதை அது. ஆகவே, காணாத நாட்டைக் கற்பனையாற் காட்டும் முயற்சி இம்மலைநகர்க்கு அயலானதன்று. பிற்காலத்து மலையக எழுத்து, தோட்ட மக்களின் துன்பத்தைக் கூறும் கடமையை ஏற்று, நடப்பியல் நெறியிலேயே பெரிதும் நின்றது. அக்கடமை தவிர்க்கவொண்ணாதது. எனினும், அம்மக்களின் கற்பனை வளம் காமன் கூத்திலும், அருச்சுனன் தபசிலும், பொன்னர் சங்கர் கதையிலும் இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது. பரிபாடற் காலத்தே திருப்பரங்குன்றத்தில் ஓவியமாக நின்ற காமனும் இரதியுமே மாசிமாதத்துத் தோட்டத்து வெளியிலே கூத்தாக நடக்கின்றனர். அரிதாரமும், முடியும், வில்லும், எரியும் தீயும் அங்கு உள. அவை அட்டையேறுதற்கு ஓவியனொருவனின் கண்ணையே எதிர்நோக்கி நிற்கின்றன.

திகனவைச் சூழ்ந்த நிலமும் அத்தகையதே. மகாவலியை மறித்து எழுந்த 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை 1985 இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகர் நீருள் ஆழ்ந்தது. கடுங்கோடையில் நீர்மட்டம் தாழுங்காலத்து அந்நகரின் எச்சங்கள் வெளிப்படுகின்றன. கடல்கொண்ட நகரங்களைப் பற்றிப் பழங்கதை கேட்டு வளர்ந்த இனத்தாருக்கு, வீட்டு வாயிலிலே அத்தகைய காட்சியொன்று கிடைத்துள்ளது. வடக்கே முகில் சூழ்ந்த நக்கிள்ஸ் மலைத்தொடர். அயலிலே தும்பரப் பாயின் நெசவுக் கோலங்கள். நத்தரம்பொத்தைக் கலாபுரத்துக் கன்னாரின் உலோக வேலைப்பாடு. இவ்வளவும் சூழ்ந்திருக்க, இப்பகுதி இளைஞனொருவன் எழுதும் அற்புதக் கதையின் அட்டையிலே பனிமூடிய மேனாட்டுக் கோட்டையும் மஞ்சட்கூந்தல் வீரனும் தோன்றுவார்களாயின், அது லெ குவினுக்கு நேர்ந்த அநீதியினும் பெரிது. அங்குப் பிறர் செய்தனர். இங்குத் தாமே தமக்குச் செய்துகொள்வதாக முடியும். கண்டியிற் பிறந்த ஜோர்ஜ் கீற் (1901–1993) மேனாட்டுப் புத்தோவிய நெறியைக் கற்றும், கீதகோவிந்தத்தை மொழிபெயர்த்து ஓவியந் தீட்டியபோது கண்ணனையும் இராதையையும் இந்நாட்டு முகமும் விழியும் உடையோராகவே கண்டார். அயற்கலையைக் கற்றல் குற்றமன்று. அயற்கண்ணால் தன்னைக் காணுதலே குற்றம்.

மேற்கூறியவற்றினின்றும் சில நெறிகள் பெறப்படும். நூல் முழுவதையும் ஓவியன் படித்தற்குக் காலமும், அவ்வுழைப்புக்கு ஊதியமும் அளித்தல் வேண்டும். காலமின்றேல், உலகத்தின் விதிகளைக் கூறும் குறிப்பேனும் வேண்டும். அக்குறிப்பிலே இடம்பெற வேண்டியவை நிலம், பருவம், மேனிநிறம், உடை, ஒளிவரும் திசை முதலியன. இன்னார் இடப்புறம் நிற்க, இன்னார் வலப்புறம் நிற்க என்று விதித்தல் ஆசிரியனின் எல்லையைக் கடந்ததாம். ஓவியன் முதலிற் சிறு வரைவுகள் சிலவற்றைக் காட்டுதலும், அவற்றுள் ஒன்றைத் தெரிந்தபின் நிறத்தைச் சோதித்தலும், அதன்பின்னரே முற்றுவித்தலும் நன்முறை. முற்றுப்பெற்ற ஓவியத்தில் முகத்தை மாற்றுக எனக் கேட்டல் இருவர்க்குந் துன்பம். முதல் வரைவிலே கேட்டல் எளிது. கதையின் முடிவை அட்டை வெளிப்படுத்தலாகாது. நூற்கடையிற் சாய்ந்து நிற்கும்போதும், கைபேசித் திரையிலே நகமளவிற் சுருங்கும்போதும் அடையாளங் காணத்தக்கதாய் அஃது அமைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓவியன் பெயர் நூலிலே தெளிவாகப் பொறிக்கப்படல் வேண்டும். இருநூற்றாண்டுக்கு முன் தெகல்தொருவவில் உழைத்தவரின் பெயரே நிலைத்திருக்க, இற்றைநாள் அட்டைகள் பலவற்றில் ஓவியன் பெயரைத் தேடியுங் காணாமை நாணத்தக்கது.

2022 முதலாக, சில சொற்களைக் கொடுத்தால் நொடிப்பொழுதிற் படமொன்றை ஆக்கித்தரும் கணினிக் கருவிகள் பரவியுள்ளன. பொருள் வசதியற்ற இளம் எழுத்தாளனுக்கு அது பேருதவியாகத் தோன்றுதல் இயல்பே. ஓவியனுக்குரிய ஊதியத்தை ஈட்ட அவன் பல மாதம் உழைக்க வேண்டியிருக்கும். அவனைப் பழித்தல் தகாது. ஆயினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அக்கருவி முன்னர் வரையப்பட்ட எண்ணற்ற படங்களினின்றும் பயின்றது. பறவைநாகம் என்றால் உலகிற் பெரிதும் வரையப்பட்ட பறவைநாகத்தையும், வீரன் என்றால் பெரிதும் வரையப்பட்ட வீரனையும் அது தருதலே இயல்பு. எந்தப் பழக்கப்பட்ட உருவத்தை லெ குவின் மறுத்தாரோ அதுவே முதலில் வந்து நிற்கும். இந்த ஊர் எந்த அகலாங்கில் உள்ளது என்று அது தானே கேட்பதில்லை. காமன் கூத்தைக் காண இரவு முழுதும் விழித்திருப்பதுமில்லை. ஆசிரியனுக்கு எதிர்வினா எழுப்பும் துணைவனே தேவை. பேய்ன்ஸும் வெஸ்ஸும் தந்த நன்மை கைத்திறனளவில் அடங்கிவிடவில்லை. அவர்கள் கேட்ட கேள்விகளால் ஆசிரியர் தம் உலகத்தைத் தாமே தெளிவாகக் காண நேர்ந்தது. பொருள் வசதி குறைந்தோன், பல நிறப் படத்துக்கு மாறாக, ஊரிலே வரையத்தெரிந்த மாணவனொருவனின் ஒருநிறக் கோட்டோவியத்தை நாடுதல் தகும். பெரிய எழுத்துக் கதைநூல்கள் அவ்வளவுகொண்டே மக்களின் அன்பைப் பெற்றன.

ஆகவே, முகப்போவியத்தை நூல் முடிந்தபின் ஒட்டப்படும் தாளாகக் கருதும் எண்ணம் மாறுதல் வேண்டும். சொல்லால் ஓர் உலகைப் படைத்தவன் அதன் வாயிற்கதவைப் பிறனொருவன் கையில் ஒப்புவிக்கிறான். அக்கதவைச் செய்பவன் வீட்டினுட் புகுந்து பாராதவனாயின், வந்தோர் வேறு வீடென்று எண்ணித் திரும்பிவிடுவர். தெகல்தொருவச் சுவரில் வெஸ்ஸந்தரனுக்கு இந்நாட்டு உடையை அணிவித்தவர், கேட்டறிந்த கதையைத் தம் மண்ணின் நிறத்தாலே தீட்டினார்; அதனாலேயே அவன் இன்றும் அங்கு வாழ்கின்றான். மலைநாட்டுத் தமிழில் இனி எழவிருக்கும் அற்புதக் கதைகளுக்கும் அத்தகைய கையொன்றும், அக்கைக்குக் கதையைப் பொறுமையோடு சொல்லும் வாயொன்றும் வாய்ப்பனவாக.